கானாவின் கொக்கோக் கமக்காரர்



மேற்கு ஆபிரிக்காவில் கினி வளைகுடாவை நோக்கி அமைந்திருக்கும் கானா நாடு ஏறக்குறைய 92,000 சதுர மைல் பரப்புடையது. தெற்கே மழை மிகுந்த அடர்வனம்; வடக்கே செல்லச் செல்ல மரங்கள் அருகிப் புல்வெளிகள் விரியும். மார்கழி, தை மாதங்களில் சகாராப் பாலைவனத்தின் தூசியைச் சுமந்து ஹர்மத்தான் என்னும் வறள்காற்று வீசும். 1482ஆம் ஆண்டில் போர்த்துக்கேயர் இந்நாட்டின் கரையிலே எல்மினாக் கோட்டையைக் கட்டினர். 1637இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். இவ்விரு சாராரையும் இலங்கையருக்கு அறிமுகஞ் செய்ய வேண்டியதில்லை. பொன்னும், பின்னர் அடிமைகளும் கப்பலேறிய இந்நிலத்துக்குப் பொற்கரை என்பதே பிரித்தானியர் ஆட்சியிலும் பெயராயிருந்தது. ஆயினும் அதன் பிற்கால வரலாற்றை நடத்திச் சென்றது பொன்னன்று, கொக்கோவே.

கொக்கோ அமெரிக்கக் கண்டத்துப் பயிர். தெத்தே குவாஷி என்ற கொல்லர், பெர்னாந்தோ போ தீவில் வேலை செய்து 1879இல் ஊர் திரும்பியபோது சில கொக்கோ விதைகளைக் கொண்டுவந்து மாம்பொங் என்னுமிடத்தில் நட்டார். அதற்கு முன்னரே கிறித்தவ மிஷனரிமார் முயன்று பார்த்ததுண்டு. எனினும் மக்கள் போற்றுவது கொல்லரைத்தான். 1891இல் நாட்டிலிருந்து ஏற்றுமதியான கொக்கோ வெறும் 80 இறாத்தல். இருபதே ஆண்டுகளில், 1911இல், அது ஏறத்தாழ 40,000 தொன்னாகி, பொற்கரை உலகின் முதலாவது கொக்கோ நாடாயிற்று.

இவ்வளவையும் விளைவித்தவர் யார்? வெள்ளைக்காரத் துரைமாரல்லர். அக்வாப்பிம் மலைச்சாரலில் வாழ்ந்த கமக்காரர், செம்பனை எண்ணெய் விற்றுச் சேர்த்த பணத்தைக் கூட்டாகப் போட்டு, தென்சு ஆற்றுக்கு அப்பால் இருந்த வெறுங்காட்டை அக்கீம் தலைவர்களிடம் விலைக்கு வாங்கினர். காட்டை வெட்டி வாழையின் நிழலிலே கன்றுகளை நட்டனர். ஆற்றைக் கடக்கப் பாலம் இல்லாதவிடத்து, தாமே பணங்கொடுத்துப் பாலமும் கட்டுவித்தனர்! கொட்டைகளைப் புளிக்கவைத்து, பாயிலே உலர்த்தி, தலைச்சுமையாகவும் பீப்பாய்களில் உருட்டியும் வாங்குவோரிடம் சேர்த்தனர். வடக்கிலிருந்து கூலிக்கு வந்தோரின் பாடு வேறு. விளைச்சலில் மூன்றிலொரு பங்கே கூலியாகப் பெற்றவர் அவர்களிற் பலர். எனினும் நிலத்துக்கு உடையவர் அம்மண்ணின் மக்களே.

இலங்கையில் குடியேற்றச் செயலாளராயிருந்த சேர் ஹியூ கிளிபர்ட் 1912இல் பொற்கரைக்குத் தேசாதிபதியாகச் சென்றார். கம்பனிகளின் தேயிலைத் தோட்டங்களையும் அவற்றின் லயங்களையும் அறிந்த அவர் அங்கு கண்டது, துரையில்லாத, லயமில்லாத ஒரு பெரும் ஏற்றுமதிப் பயிர்.

மரம் கமக்காரருடையது, விலையோ அவர் கையில் இல்லை. 1937ஆம் ஆண்டின் பிற்பகுதியில், கொக்கோ வாங்கும் ஐரோப்பியக் கம்பனிகள் தமக்குள் போட்டியிடாமல் கொள்வனவைப் பங்கிட்டுக்கொள்ள உடன்படிக்கை செய்தன. செய்தி பரவியதும் கமக்காரர் விற்க மறுத்தனர். குலத்தலைவர்கள் அவர்களோடு நின்றனர்; கம்பனிகளின் கடைகளிலும் பொருள் வாங்குவதில்லை என்று முடிவாயிற்று. அறுவடைக் காலம் முழுவதும் கொக்கோ மூட்டைகள் ஊர்களிலேயே தேங்கின. சில இடங்களில் அதனைத் தீக்கிரையாக்கினர். கையில் காசின்றி மாதக் கணக்காகப் பொறுத்திருப்பது கடன்பட்ட குடும்பங்களுக்கு இலேசான காரியமா? 1938 சித்திரையில் உடன்படிக்கை நிறுத்திவைக்கப்பட்டது. விசாரிக்க வந்த நோவெல் ஆணைக்குழுவும் அது கலைக்கப்படவேண்டும் என்றே கூறியது.

போருக்குப்பின், 1947இல், விளைச்சல் முழுவதையும் வாங்க ஒரு சந்தைப்படுத்தற் சபை அமைக்கப்பட்டது. கம்பனிகளின் பிடி தளர்ந்தது. ஆனால் அவ்விடத்திலே அரசாங்கம் வந்து அமர்ந்தது. 1954இல் குவாமே இங்குருமாவின் அரசாங்கம் 60 இறாத்தல் கொண்ட சுமையொன்றுக்கு 72 சிலிங் என விலையைக் கட்டியது. அவ்வாண்டில் உலகச் சந்தை விலை அதன் மூன்று மடங்கை எட்டியிருந்தது. மிகுதி நாட்டின் அபிவிருத்திக்கு என்றனர். அந்நோக்கத்தைக் குறைகூற இயலாது. ஆயினும், தம்மைக் கேளாமலே தம் உழைப்பு எடுக்கப்பட்டதெனக் கமக்காரர் கொதித்தனர். குமாசி நகரில் எழுந்த எதிர்க்கட்சியின் கொடியிலே கொக்கோ மரம் பொறிக்கப்பட்டிருந்தது.

1957 மார்ச் 6ஆம் திகதி பொற்கரை சுதந்திரம் பெற்றுக் கானாவாயிற்று. கொக்கோ உற்பத்தியில் முதலிடம் பின்னர் அயல்நாடான ஐவரி கோஸ்ற்றுக்குச் சென்றது. கானாவில் விலையை அறிவிப்பது இன்றும் அரசாங்கமே. அயல்நாட்டில் விலை கூடிய காலங்களில், கொக்கோ மூட்டைகள் இரவோடிரவாக எல்லையைக் கடந்துவிடுகின்றன.