மாறுகோளும் பகையும்: சங்கரன்கோயில் தொன்மமும் தமிழ்க் கண்டன நூல்களின் வரலாறும்

பொதிகைச் சாரலுக்கு வடகிழக்கே உள்ள சங்கரன்கோயில் பண்டு சங்கரநயினார்கோயில் என வழங்கியது. நெடுங்காலம் திருநெல்வேலி மாவட்டத்தைச் சார்ந்திருந்த இவ்வூர், 2019-ஆம் ஆண்டில் தென்காசி தனி மாவட்டமானபோது அதனொடு சேர்ந்தது. இவ்வூர்த் திருக்கோயிலில் மூன்று திருமுன்கள் உள்ளன: சங்கரலிங்கர் திருமுன், கோமதி அம்மை திருமுன், இவ்விரண்டற்கும் இடையே சங்கரநாராயணர் திருமுன். நடுவணதாகிய திருமேனியில் வலப்பாகம் சடையும் மழுவும் உடைய சிவனாகவும், இடப்பாகம் முடியும் சங்கும் உடைய திருமாலாகவும் அமைந்துள்ளன. அம்முன்னிலையில் திருநீறும் வழங்குவர். துளசித் தீர்த்தமும் வழங்குவர்.

இவ்வடிவிற்குத் தலபுராணம் கூறும் காரணம் ஒரு பூசலாகும். சங்கன், பதுமன் என்னும் நாக அரசர் இருவருள் முன்னவன் சிவனடியான், பின்னவன் திருமாலடியான். தத்தம் தெய்வமே உயர்ந்தது என வாதிட்டு முடிவு காணாத அவ்விருவரும் அம்மையிடம் முறையிட்டனர். அம்மை புன்னை வனத்தில் தவம் இயற்ற, இறைவன் இரு பாகமும் ஒருங்கே விளங்கக் காட்சியளித்தான் என்பது புராணம். ஆண்டுதோறும் ஆடித்தபசு விழாவாக மக்கள் கொண்டாடுவது இந்நிகழ்ச்சியையே.

புராணத்தை வரலாறாகக் கொள்ளுதல் இக்கட்டுரையின் கருத்தன்று. ஆயினும் ஒரு மக்கட்கூட்டம் பூசலைப் பற்றி எவ்வாறு எண்ணியது என்பதற்கு அது சான்றாகும். மாறுபட்ட கருத்துடையார் தம்முட் பகைவராகும் நிலை எப்பொழுது, எக்காரணத்தால் உண்டாகின்றது? கருத்து வேற்றுமை மிகுவதால் பகை மிகுகின்றது எனப் பலரும் எண்ணுவர். தமிழ்க் கண்டன நூல்களின் வரலாறு அங்ஙனம் காட்டவில்லை. வேற்றுமை மிகப் பெரிதாயிருந்த காலத்தும் சொற்போர் ஒரு நெறிக்குள் நின்றதுண்டு. வேற்றுமை மிகச் சிறிதாயிருந்த இடத்தும் அது பெரும்பகையாய் முடிந்ததுண்டு. அவ்விரண்டையும் ஒப்புநோக்கிக் காரணம் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. பண்டைச் சொற்போர் நெறி

சமயச் சொற்போர் தமிழகத்திற்குப் புதியதன்று. மணிமேகலையின் தலைவி வஞ்சி மாநகரில் சமயக் கணக்கர் பலரையும் அணுகி அவரவர் கொள்கையைக் கேட்டறிகின்றாள். ஒவ்வொருவரும் தம் கொள்கையைத் தாமே கூற இடம் தரப்படுகின்றது. நாவற் கொம்பை நட்டு வாதுக்கு அழைக்கும் வழக்கம் குண்டலகேசியின் வரலாற்றால் அறியப்படும். அப்பௌத்த காப்பியத்தை மறுக்க எழுந்தது நீலகேசி என்னும் சமண நூல். இன்று குண்டலகேசி முழுமையாகக் கிடைத்திலது. அதன் பாடல்களிற் சில புறத்திரட்டு வாயிலாகவும், அந்நூலைப் பற்றிய செய்திகள் பல நீலகேசியும் அதன் உரையும் வாயிலாகவுமே நமக்கு எட்டியுள்ளன. ஒரு நூலை அழிக்க எழுந்த மறுப்பே அந்நூலின் நினைவைக் காத்தது. மறுப்பவன் தான் மறுக்கும் கருத்தை உள்ளவாறு எடுத்துக் கூறக் கடமைப்பட்டிருந்தமையால் விளைந்த நன்மை இது.

இக்கடமை சைவ நூல்களிலும் காணப்படும். கி.பி. 13-ஆம் நூற்றாண்டினராகிய அருணந்தி சிவாசாரியார் தம் சிவஞான சித்தியாரைப் பரபக்கம், சுபக்கம் என இரண்டாக வகுத்தார். பரபக்கத்தில் உலகாயதம் முதல் பாஞ்சராத்திரம் ஈறாகப் பதினான்கு கொள்கைகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறுவி, அதன்பின்னரே மறுக்கின்றார். தம் கொள்கையை நாட்டுதற்கு முன் பிறர் கொள்கைக்கு ஒரு பெரும்பகுதியை ஒதுக்கிய இம்முறை கருதத்தக்கது.

இலக்கண நூலாரும் இந்நெறியை விதியாக்கினர். நன்னூலார் நூலாசிரியர்க்குரிய மதம் எழுவகை என்பர். உடன்படுதலும் மறுத்தலும் அவற்றுள் அடங்கும். பிறர் கொள்கையை முன்னர் ஏற்றுப் பின்னர்க் களைதலும், இருவர் மாறுபட்டவிடத்து ஒருபக்கம் துணிதலும் அடங்கும். பிறர் நூலின் குற்றம் காட்டலும் அடங்கும். குற்றம் நூலின் மேலதாகக் கூறப்பட்டதேயன்றி, நூல் செய்தான் மேலதாகக் கூறப்படாமையை மாணாக்கர் உளங்கொளல் வேண்டும்.

இந்நெறியில் கடுமை இல்லை என்று கூறுதல் பொருந்தாது. நெல்லை நாட்டு விக்கிரமசிங்கபுரத்தில் தோன்றித் திருவாவடுதுறை ஆதீனத்தில் விளங்கி 1785-இல் மறைந்த சிவஞான முனிவர், வைத்தியநாத தேசிகரின் இலக்கண விளக்கத்தை மறுத்து எழுதிய நூலுக்கு இலக்கண விளக்கச் சூறாவளி எனப் பெயரிட்டார். நூற்பெயரே புயலாக வீசுகின்றது. உள்ளே கடுஞ்சொற்களும் உள. ஆயினும் மறுப்பு நூற்பா நூற்பாவாகச் செல்கின்றது. அதனைப் படிப்பவன் இலக்கண விளக்கத்தையும் உடன்வைத்துப் படித்தல் வேண்டும். இரண்டையும் ஒப்பிட்டு நடுவர் ஆகத்தக்க புலவர் குழுவே அதற்கு அவையாயிருந்தது.

2. அச்சும் புதிய அவையும்

இவ்வவை 19-ஆம் நூற்றாண்டில் மாறியது. 1835-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அச்சகம் வைத்தற்கு இருந்த உரிமக் கட்டுப்பாடு நீங்கியது. நம்மவர் அச்சகங்கள் பெருகின. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் (1822–1879) பாதிரியாராகிய பெர்சிவலுக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் துணைநின்றவர். அச்சின் ஆற்றலை அவரிடத்தே நேரிற் கண்டவர். 1849-இல் சென்னை சென்று அச்சு இயந்திரம் பெற்று மீண்டார். 1854-இல் சைவதூஷண பரிகாரம் வெளியிட்டார். சமயப் பிரசாரகர்க்கு விடையாக எழுந்த இத்தகைய நூல்கள் தமிழ் உரைநடையைத் தெளிவும் வலிமையும் உடையதாக்கின. கண்டன நூல்களால் தமிழ் பெற்ற பேறு இது. அதனை மறைத்தல் நடுநிலையன்று.

ஆனால் அச்சு அவையை விரித்ததோடு அதன் இயல்பையும் மாற்றியது. சூறாவளியைப் படித்தோர் மூலநூலையும் அறிந்தோர். சிறு வெளியீட்டை வாங்குவோர் மூலத்தை அறிந்திருத்தல் வேண்டும் என்பதில்லை. மறுப்பு மட்டும் கையிற் கிடைக்கின்றது. மறுக்கப்பட்டது கேள்வியளவில் நின்றுவிடுகின்றது. இந்நிலையில் எதிரியின் கருத்தை உள்ளவாறு கூறும் கடமை தளர்ந்ததில் வியப்பில்லை.

3. அருட்பா மருட்பாப் பூசல்

இம்மாற்றத்தின் முழு விளைவையும் அருட்பா மருட்பாப் பூசலிற் காணலாம். இராமலிங்க அடிகளின் (1823–1874) பாடல்களைத் தொழுவூர் வேலாயுத முதலியார் தொகுத்து 1867-இல் திருவருட்பா என்னும் பெயருடன் வெளியிட்டார். அடிகளைத் திருவருட்பிரகாச வள்ளலார் எனவும் குறித்தார். 1869-இல் போலியருட்பா மறுப்பு வெளிவந்தது. வேறொருவர் பெயரால் வந்த அதனை நாவலருடையதென்றே அறிஞர் கொள்வர். அவ்வாண்டிலேயே பூசல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் ஏறியது. அவ்வழக்கு முடிந்த வகையைப் பற்றி இரு சாராரின் அன்பரும் கூறும் வரலாறுகள் ஒன்றோடொன்று ஒவ்வா. ஒரே நிகழ்ச்சி இரு நினைவுகளாகப் பிரிந்தமையே பகை முற்றியதற்கு அடையாளமாகும்.

இருவரிடையே இருந்த வேற்றுமை யாது? இருவரும் சிவநேயர்; இருவரும் நால்வர் பாடல்களில் உருகியவர்; இருவரும் தில்லையைப் போற்றியவர். பௌத்தர்க்கும் சமணர்க்கும் இடையே இருந்த வேற்றுமையின் நூற்றிலொரு பங்கும் இங்கு இல்லை. எனினும் எழுந்த வினா பொய்யான வினாவன்று. தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் என்னும் ஐந்துமே அருட்பாவாகக் கோயிலில் ஓதப்பெறுவன. ஒருவர் வாழுங் காலத்தே அவர் பாடல்களுக்கு அப்பெயரை வழங்கலாமா என்பது மரபைப் பேணுவார் கேட்டற்குரியதே. இறையருள் ஒரு காலத்தோடு நின்றுவிடுமா என்பது மறுதரப்பார் கேட்டற்குரியதே. இவ்விரு வினாக்களும் அமைதியாக ஆராயப்பட்டிருப்பின், திருமுறை வரையறை பற்றிய அரிய நூலொன்று தமிழுக்குக் கிடைத்திருக்கும். கிடைத்தவை நூலைவிட்டு ஆளைப் பற்றிய வெளியீடுகளே மிகுதியாக உள்ளன. பாடியவர் யார், அவர் ஒழுக்கம் யாது, அவரைச் சூழ்ந்தோர் எத்தகையர் என்பன நூலாராய்ச்சியின் இடத்தைக் கவர்ந்துகொண்டன.

இதனினும் வியப்பானது பின்னர் நிகழ்ந்தது. அடிகள் 1874-இலும் நாவலர் 1879-இலும் மறைந்தனர். பூசல் மறையவில்லை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது மீண்டும் மூண்டது. பேரகராதி தொகுத்த பெரும்புலவராகிய நா. கதிரைவேற் பிள்ளை இராமலிங்க பிள்ளை பாடல் ஆபாச தர்ப்பணம் என்னும் நூலை வெளியிட்டார். அருட்பாவின் பக்கம் மறைமலையடிகள் நின்றார். கோட்டாற்றுச் செய்குத்தம்பிப் பாவலரும் நின்றார். இசுலாமியராகிய பாவலர் சைவர் இருவரின் வழக்கில் ஒரு பக்கம் துணிந்து வாதிட்டமை அக்காலத் தமிழ்ப்புலமையின் விரிவைக் காட்டும். ஆயினும் தொடங்கியோர் இருவரும் இல்லாத களத்தில் அவர்தம் பக்கங்கள் மட்டும் நின்று பொருதன என்பதையும் மறத்தலாகாது.

4. கட்சி என்னும் சொல்

இங்குக் கட்சி என்னும் சொல்லை நோக்குதல் பயன்தரும். வாதத்தில் ஒருவன் நிறுவ எடுத்துக்கொண்ட பக்கமும், வழக்கில் ஒரு சாராரும் இச்சொல்லாற் குறிக்கப்பட்டன. இன்று இது பெரிதும் அரசியல் இயக்கத்தைக் குறிக்கின்றது. பழந்தமிழில் இவ்வடிவிலேயே வேறொரு சொல் உண்டு. அது பறவையின் கூட்டையும் புகலிடத்தையும் உணர்த்தும். இரண்டும் வெவ்வேறு சொற்கள் என்பதே தகும். எனினும் பூசலின் வரலாற்றில் அவற்றின் பொருள்கள் ஒன்றையொன்று நெருங்குகின்றன. நிறுவுதற்கு எடுத்த கட்சி நாளடைவில் தங்குதற்குரிய கட்சியாகிவிடுகின்றது. கருத்தாயிருக்குமளவும் ஒருவன் அதனைச் சான்று கண்டு மாற்றிக்கொள்ளலாம்; கூடாகிவிட்டபின் அதனை விடுதல் வீட்டைவிட்டு வெளியேறுதலை ஒக்கும். ஆதலின் சான்று வலியதாகுந்தோறும் சினம் வலியதாகின்றது.

கூட்டைவிட்டு வெளிவந்தாரும் உளர். சென்னை இராயப்பேட்டை வெசுலிப் பள்ளியில் கதிரைவேற் பிள்ளையிடம் தமிழ் பயின்ற மாணவருள் திரு.வி. கலியாணசுந்தரனார் (1883–1953) ஒருவர். 1904-இல் ஆசிரியர் மேல் எழுந்த வழக்கில் சான்று கூற நீதிமன்றம் சென்றமையால் அவ்வாண்டுத் தேர்வை அவர் எழுத முடியாது போயிற்று. பெரியோர் பூசலுக்கு ஓர் இளைஞர் கொடுத்த விலை அது. அவரே பிற்காலத்தில் இராமலிங்க சுவாமிகள் திருவுள்ளம் என்னும் நூலை இயற்றினார்; சமரச சன்மார்க்கத்தைத் தம் வாழ்வின் கொள்கையாகக் கொண்டார். ஆசிரியரிடம் கொண்ட அன்பைத் துறவாமலே ஆசிரியரின் கட்சியைக் கடந்தார். ஆளும் கருத்தும் வேறென உணர்ந்தார்க்கே இது கைகூடும்.

5. முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவன இவை: பகை வேற்றுமையின் அளவால் வளர்வதன்று, எதிர்ப்பக்கத்தை உள்ளவாறு கூறும் கடமை தளர்வதாலும், நூலின் குற்றம் ஆளின் குற்றமாக மாறுவதாலும், இருபக்கமும் ஏற்கும் அவை இல்லாதொழிவதாலும் வளர்வது. இம்மூன்றும் 1860-களில் அச்சின் விரைவால் நேர்ந்தன. இன்று அரசியற் பூசல் கைபேசித் திரையில் நாழிகைதோறும் நிகழுங்கால் அவையே பன்மடங்காக நேர்கின்றன.

மீண்டும் சங்கரன்கோயிலுக்கு வருவோம். சங்கனும் பதுமனும் பூசலிட்டாராயினும் இருவரும் ஒருங்கு சென்று ஓரிடத்திற் கேட்டனர். விடை வரும்வரை காத்திருந்தனர். வந்த விடையில் இருவர் தெய்வமும் கரைந்து ஒன்றாகவில்லை. சடை சடையாகவும் முடி முடியாகவும் நிற்க, இடையே உள்ள கோடு இன்றும் தெளிவாகத் தோன்றுகின்றது. வேற்றுமையை மறைத்துப் பெறும் ஒற்றுமை நெடிது நில்லாது என்பதை அச்சிற்பி அறிந்திருந்தான் போலும். கண்டன நூல்களை ஆராயப் புகும் மாணாக்கர் ஒவ்வொரு பூசலிலும் இருபக்க நூல்களையும் ஒருங்குவைத்துப் படித்தல் வேண்டும். ஒருபக்கத்தை மட்டும் படித்தார்க்கு அதுவும் முழுதும் விளங்குவதில்லை.