ஈடுபாட்டுக்கு எத்தனை மார்க்?

ஆபீஸ்ல வருஷா வருஷம் ஒரு சர்வே வரும். வேலையில் உங்க ஈடுபாடு எவ்வளவு, ஒண்ணுலேருந்து அஞ்சுக்குள்ள மார்க் போடுங்கன்னு. நாலைத் தட்டிட்டு மூடிடுவேன். இந்த 'எம்ப்ளாயி எங்கேஜ்மென்ட்' எங்கிருந்து வந்ததுன்னு தேடினப்போ, 1990-ல் வில்லியம் கான் எழுதின கட்டுரையில் போய் நின்னேன். வேலையில் மனசு ஒட்ட மூணு வேணும்கிறார்: வேலைக்கு ஓர் அர்த்தம், பயமில்லாத சூழல், உடம்பிலும் மனசிலும் தெம்பு. விருதுநகர், சிவகாசி பேங்க் ஊழியர்களுக்கு இதைப் பொருத்திப் பார்த்தேன்.

முதல்ல அர்த்தம். 1921-ல் தூத்துக்குடியில் தொடங்கிய நாடார் வங்கி, 1962-ல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி ஆனது. 1947-ல் அதற்கு நாலே கிளைகள்: தூத்துக்குடி, மதுரை, சிவகாசி, விருதுநகர். ஏன் இந்த ரெண்டு ஊர்? விருதுநகரில் வத்தல், பருத்தி, எண்ணெய் வியாபாரம். சிவகாசியில் தீப்பெட்டி, பட்டாசு, அச்சகம். பட்டாசு வருஷம் பூரா தயாராகும், பணமோ தீபாவளியை ஒட்டித்தான் திரும்பும். நடுவுல வாராவாரம் கூலி போடணும். அந்த இடைவெளியைத் தாண்ட பேங்க் வேணும். கவுன்ட்டரில் இருக்கிறவர் எண்ணித் தர்ற நோட்டு, அன்னிக்குச் சாயங்காலமே ஒரு வீட்டில் அரிசியா மாறும். இதைவிட அர்த்தம் என்ன வேணும்?

அடுத்தது பயமின்மை. இது தானா வரல. 1946-ல் கல்கத்தாவில் அகில இந்திய வங்கி ஊழியர் சங்கம் உருவானது. 1953-ல் சாஸ்திரி தீர்ப்பு, 1962-ல் தேசாய் தீர்ப்பு. 1966 அக்டோபர் 19-ல் முதல் இருதரப்பு ஒப்பந்தம். அதுவரை தீர்ப்பாயங்கள் முடிவு செய்த சம்பளத்தையும் வேலை நிபந்தனைகளையும், அதன்பின் சங்கமும் நிர்வாகமும் உட்கார்ந்து பேசி முடிவு செய்தார்கள்.

மூணாவது தெம்பு. இங்கேதான் கணக்கு உதைக்குது. 2016 நவம்பர் 8, பணமதிப்பிழப்பு. தீபாவளி முடிஞ்சு பத்து நாள்தான் ஆகியிருந்தது. பட்டாசு வித்த காசு ஊர் திரும்புற நேரம். ஆனா நடப்புக் கணக்கிலிருந்து வாரத்துக்கு 50,000 ரூபாய்தான் எடுக்கலாம்னு வரம்பு. நூறு பேருக்குக் கூலி போடுற ஆலைக்கு அது எந்த மூலைக்கு? முடிவு எடுத்தது டெல்லி, கேள்விக்குப் பதில் சொல்ல நின்னது கவுன்ட்டர்காரர்.

யோசிச்சுப் பாருங்க. அவரோட வேலைக்கு அந்த வாரங்களில் இருந்த அர்த்தம் என்னிக்கும் இருந்ததில்லை. வேலை போயிடும்கிற பயமும் இல்லை. ஆனா தெம்பு இல்லை, பெட்டியில் நோட்டும் இல்லை. அன்னிக்கு அவர்கிட்ட சர்வே நீட்டியிருந்தா ஒண்ணுதான் போட்டிருப்பார். அதைப் பார்த்து 'இவருக்கு ஈடுபாடு இல்லை'ன்னு எழுதினா அது தப்பான வாசிப்பு.

ஈடுபாட்டை ஊழியரோட குணமா அளக்கிறோம். அதில் பெரும்பங்கு, ஆள், நேரம், அதிகாரம் அவர் கைக்கு எவ்வளவு வந்தது என்பதைப் பொறுத்தது. அடுத்த சர்வேயில் மார்க் போடுறதுக்கு முன்னாடி கருத்துப் பெட்டியில் இதைத்தான் எழுதப்போறேன்.