அம்மா பேசிய நாடா

சென்ற மாதம் பரணை ஒழித்தபோது பழைய தகரப் பெட்டி ஒன்று அகப்பட்டது. அதற்குள் நாற்பது காஸெட்டுகள். ஒன்றின் மேல் என் அண்ணனுடைய கையெழுத்தில், "அம்மா, 1984" என்று எழுதியிருந்தது. குவைத்தில் வேலையாயிருந்த அண்ணனுக்கு அம்மா பேசி அனுப்பிய கடிதம் அது. அம்மாவுக்கு எழுத வராது, பேச வரும். அவளுடைய குரல் இன்று இந்த நாடாவைத் தவிர வேறெங்கும் இல்லை.

இந்தக் காஸெட்டின் சரித்திரம் சுவையானது. முன்பெல்லாம் ஒலியைப் பதிவு செய்ய வேண்டுமென்றால் பெரிய சக்கரங்களில் நாடாவைக் கையால் கோத்துச் சுற்ற வேண்டும். பெல்ஜியத்தில் ஹாசெல்ட் என்ற ஊரிலிருந்த பிலிப்ஸ் தொழிற்சாலையில், லூ ஒட்டன்ஸ் என்ற டச்சு எஞ்சினியர் இந்தத் தொல்லையைத் தீர்க்க முனைந்தார். தம் கோட்டுப் பைக்குள் அடங்கும் அளவில் ஒரு மரக்கட்டையை வெட்டிக்கொண்டு, 'கருவி இதற்குமேல் பெரிதாக இருக்கக் கூடாது' என்று தீர்மானித்தாராம். 1963-ஆம் வருஷம் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் காஸெட் வெளியாயிற்று. அந்த மரக்கட்டை என்ன ஆயிற்று தெரியுமா? ஒரு நாள் வழியில் கார் டயர் பழுதாகி, ஜாக்கிக்கு முட்டுக் கொடுக்கப் பயன்பட்டு, அதோடு காணாமற் போயிற்று! சரித்திரம் கையில் இருக்கும்போது அது சரித்திரம் என்று யாருக்குத் தெரிகிறது?

பிறகு பிலிப்ஸ் கம்பெனி இந்த அமைப்பை மற்றவர்களும் கட்டணமின்றிச் செய்துகொள்ள அனுமதித்தது. எந்தக் கம்பெனியின் காஸெட்டும் எந்தக் கம்பெனியின் பெட்டியிலும் பாடியது. கிராமபோன் தட்டு பிறர் பாடுவதைக் கேட்கத்தான் உதவியது. காஸெட்டோ நம்மையும் பேச வைத்தது. 1973-க்குப் பிறகு எண்ணெய் விலை ஏறி, நம்மவர்கள் வளைகுடா நாடுகளுக்குத் திரளாகச் சென்ற காலத்தில், டிரங்க் கால் கிடைக்காத வீடுகளின் பிரிவுத் துயரை ஆற்றியது இந்தச் சிறு பெட்டிதான்.

நாடாவைக் கம்ப்யூட்டரில் ஏற்ற என் அக்காள் மகன் வந்தான். தளர்ந்த நாடாவைப் பென்சிலால் சுற்றி இறுக்கினான். ஸ்பிரிட்டில் தோய்த்த பஞ்சால் டேப் ரிகார்டரின் ஹெட்டைத் துடைத்தான். பிறகு ஒரு ஒயரால் இரண்டு இயந்திரங்களையும் இணைத்தான்.

"எத்தனை நேரம் ஆகும்?" என்றேன்.

"அறுபது நிமிஷ நாடாவுக்கு அறுபது நிமிஷம், மாமா. பாட்டி பேசின வேகத்தில்தான் ஏறும்."

நாடா விநாடிக்குச் சுமார் 4.76 சென்டிமீட்டர் நகர்ந்தது. கம்ப்யூட்டர் விநாடிக்கு 44,100 தடவை ஒலியை அளந்து எண்ணாக எழுதிக்கொண்டது. எம்.பி.3 ஆக மாற்றினால் பத்தில் ஒரு பங்கு இடம் போதும் என்றான் பையன். ஜெர்மனியில் எர்லாங்கன் நகரத்து ஆராய்ச்சியாளர்களுக்கு அதில் பெரும் பங்கு உண்டு. உரத்த ஒலியின் நிழலில் காதுக்கு எட்டாமற் போகும் மெல்லிய ஒலிகளைக் கழித்துவிடுவதே அதன் தந்திரம். "எதையும் கழிக்காதே, அப்பா" என்றேன்.

அம்மா அறுவடையைப் பற்றிப் பேசினாள். பசு கன்று போட்டதைச் சொன்னாள். நடுவில் ஒரு காக்கை கத்தியது. இருபதாவது நிமிஷத்தில், "உன் தம்பி இருக்கானே, அவன்..." என்று ஆரம்பித்தாள். 'டக்' என்று ஓர் ஓசை. உடனே ஒரு சினிமாப் பாட்டு!

அந்தத் தம்பி நான்தான். அண்ணன் விடுமுறையில் கொண்டுவந்து வைத்திருந்த நாடாவில், 1987-இல் வானொலியிலிருந்து அந்தப் பாட்டைப் பதிவு செய்தவனும் நான்தான். காஸெட்டின் முதுகில், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பிளாஸ்டிக் நாக்குகள் உண்டு. அவற்றை ஒடித்துவிட்டால் பிறகு அதன்மேல் பதிவு செய்ய முடியாது. அதை யாரும் ஒடிக்கவில்லை.

"பாட்டை வெட்டிவிடட்டுமா, மாமா?"

"வேண்டாம், இருக்கட்டும்."

அம்மா என்னைப் பற்றி என்ன சொன்னாளோ, எந்தக் கம்ப்யூட்டராலும் இனி மீட்க முடியாது. பையன் போன பிறகு ஒரு திருப்புளியை எடுத்து அந்த இரண்டு நாக்குகளையும் ஒடித்தேன். கிட்டத்தட்ட நாற்பது வருஷத் தாமதம்.