ஓடுபாதைக்கு ஓடுபாதை

கிரீன்லாந்தின் வடமேற்கு மூலையில் கானாக் என்றொரு ஊர். 2001ல் அங்கே விமான நிலையம் திறந்தார்கள். சரளைக்கல் பரப்பிய 900 மீட்டர் ஓடுபாதை. 'தொலைதூர வடக்கிற்கு வளர்ச்சி வந்தது' என்று எழுதிவிட்டுப் போய்விடலாம்தான். அதற்கு டென்மார்க் அரசு தந்த 4 கோடியே 70 லட்சம் குரோன் எந்தக் கணக்கில் வந்தது என்பதே என்னை உறுத்துகிறது.

1951ல் அமெரிக்காவும் டென்மார்க்கும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு பிட்டுஃபிக்கில் தூலே விமானப்படைத் தளத்தைக் கட்டின. இனுகுயிட் மக்களின் வேட்டைநிலம் அது. பக்கத்திலேயே அவர்களுடைய உம்மன்னாக் குடியிருப்பு. 1953ல் விமான எதிர்ப்புப் பீரங்கி நிறுத்த அந்த இடமும் வேண்டுமென்றது அமெரிக்கா. மே மாதக் கடைசியில் 27 குடும்பங்கள், 116 பேர், சில நாள் அவகாசத்தில் வீட்டைப் போட்டுவிட்டு நாய்வண்டிகளில் கிளம்பினார்கள். வடக்கே 100 கி.மீ.க்கு மேல். கானாக்கில் வீடு எழும்பும்வரை, இலையுதிர்காலம் மட்டும் கூடாரம்தான். ஜூன் 5ல் டென்மார்க்கின் புதிய அரசியல் சட்டம் அமலாகி, கிரீன்லாந்து 'காலனி' என்ற அந்தஸ்தை இழந்தது. இன்னும் சில நாள் இருந்திருந்தால் அச்சட்டத்தின் சொத்துரிமைப் பாதுகாப்பு இவர்களுக்கும் இருந்திருக்கும். அதற்குள் காரியம் முடிந்துவிட்டது. அவர்களாக விரும்பித்தான் போனார்கள் என்பது அரசுத் தரப்பின் நெடுங்காலச் சொல்லாடல்.

'ஹிங்கிதாக் 53' (துரத்தப்பட்டவர்கள் என்று பொருள்) 1996ல் வழக்குப் போட்டது. அடுத்த வருஷமே இரண்டு அரசுகள், டென்மார்க்கும் கிரீன்லாந்து தன்னாட்சி அரசும், தூலே விவகாரத்தில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. விமான நிலையப் பணம் அதில் வந்ததுதான். ஓடுபாதைக்காகப் பறித்த நிலத்துக்கு இன்னொரு ஓடுபாதை! அதுவரை கானாக் போகிறவர்கள் தூலே தளத்தில் இறங்கி ஹெலிகாப்டர் பிடிக்கணும். தளத்தில் இறங்கவே அனுமதி வாங்கணும். ஆகவே விமான நிலையம் தேவையில்லை என்று நான் சொல்லவரவில்லை. நாய்வண்டியிலேயே போங்கள் என்று சொல்ல நான் யார்? எந்தக் குடிமகனுக்கும் செய்துதர வேண்டிய ஒன்றைப் பறித்த நிலத்தின் கணக்கில் வரவு வைப்பது எந்த ஊர் நியாயம் என்றுதான் கேட்கிறேன்.

1999ல் உயர்நீதிமன்றம் வெளியேற்றம் சட்டவிரோதம் என்றது. கேட்டது சமூகத்துக்கு 2.5 கோடி, ஆளுக்கு 2.5 லட்சம் குரோன். கிடைத்தது சமூகத்துக்கு 5 லட்சம், ஆளுக்கு 15 அல்லது 25 ஆயிரம். அதே ஆண்டு பிரதமர் மன்னிப்பும் கேட்டார். 2003ல் உச்சநீதிமன்றம் தொகையை உறுதிசெய்தது. இனுகுயிட்கள் தனி மக்களினம் அல்ல, கிரீன்லாந்தியரில் ஒரு பகுதி என்றது. திரும்பிப் போகும் உரிமையை மறுத்தது. தளம் இன்றும் அமெரிக்க ராணுவத்திடம்தான் இருக்கிறது. 2023ல் அதற்குப் புதுப்பெயர் வைத்தார்கள்: பிட்டுஃபிக்.