சாய்ந்தால் திரும்பும் அச்சு

நிலத்தில் பாய்விரித்து ஓடும் முயற்சி பழமையானது. கணித அறிஞர் சைமன் ஸ்டெவின் 1600ஆம் ஆண்டை ஒட்டி இளவரசர் மொரிட்ஸுக்காக வடிவமைத்த பாய்மர வண்டி, இருபதுக்கும் மேற்பட்டோரைச் சுமந்துகொண்டு ஹாலந்தின் ஸ்கெவெனிங்கன் கடற்கரையிலிருந்து வடக்கே பெட்டன் வரை ஓடியது. சட்ட அறிஞர் ஹியூகோ குரோஷியஸும் அதில் பயணம் செய்தார். ஆயினும் அது சக்கரம் பூட்டிய கப்பல்தான். ஒருவரே நின்றபடி பாயைக் கைகளில் பற்றிக் காலாலேயே திசைதிருப்பும் காற்றுப் பலகைக்கு வழிவகுத்தது பாய்மரக் கலை அன்று, சறுக்குக்கூடங்களில் புழங்கிய சக்கரக் காலணியே.

ஒரே வரிசையில் சக்கரங்களைக் கொண்ட முற்காலக் காலணிகள் நேராக ஓடின. வளைந்து திரும்பத் திணறின. நியூயார்க்கைச் சேர்ந்த ஜேம்ஸ் லியோனார்ட் பிளிம்ப்டன் 1863இல் காப்புரிமை பெற்ற காலணியில், முன்னும் பின்னும் இரண்டிரண்டு சக்கரங்கள் கொண்ட இரு அச்சுகளும் அடித்தட்டுடன் இறுகப் பிணைக்கப்படாமல், சாய்வாக அமைந்த முளையில் அசையுமாறு பொருத்தப்பட்டு, இடையில் ரப்பர் மெத்தை வைக்கப்பட்டது. பாதம் ஒருபுறம் சாய்ந்ததும் முன்னச்சும் பின்னச்சும் எதிரெதிராகத் திரும்பக் காலணி சாய்ந்த பக்கமே வளைந்தது. சாய்வு நீங்கியதும் ரப்பர் அச்சுகளை நேராக்கியது. இன்று டிரக் எனப்படும் அச்சுக்கட்டின் அடிப்படை இதுவே.

1950களில் கலிஃபோர்னியாவில் இக்காலணியின் அச்சுகள் பலகையின் அடியில் அறையப்பட்டு ஸ்கேட்போர்டு ஆயின. களிமண் கலவைச் சக்கரங்கள் சிறு கல்லில் பட்டாலே நின்றுவிடும். 1970களின் தொடக்கத்தில் ஃபிராங்க் நாஸ்வொர்த்தி கொண்டுவந்த யூரித்தேன் சக்கரங்கள் சாலையைப் பற்றி ஓடத் தொடங்கியதும், காலணிக்கென வார்த்த குறுகிய அச்சு பலவீனமாகத் தெரிந்தது. டிராக்கர், இண்டிபெண்டன்ட் (1978) போன்ற நிறுவனங்கள் ஸ்கேட்போர்டுக்கெனவே அகன்ற அச்சுகளை வார்த்தன.

காற்றுப் பலகையில்தான் இப்பொறியமைப்பு தன் எல்லையைத் தொடுகிறது. பாயின் இழுவையை ஈடுசெய்ய உடல் காற்று வரும் திசை நோக்கிச் சாய வேண்டும். அச்சோ எந்தச் சாய்வையும் திரும்புவதற்கான கட்டளையாகவே கொள்ளும். எனவே உடலைச் சாய்த்துக்கொண்டே கணுக்காலால் பலகையை மட்டமாக வைத்திருக்கும் திறன் ஓட்டுநருக்கு வேண்டும். ரப்பர் தளர்ந்திருந்தால் வேகத்தில் பலகை நடுங்கும், இறுகியிருந்தால் வளையாது. 1990களில் வந்த, காற்றடைத்த டயர்கள் கொண்ட மலைப்பலகைகள் பட்டத்தின் இழுவிசையில் மணலிலும் புல்லிலும் ஓடுகின்றன. அவற்றுள் பலவற்றின் அச்சுக்கட்டில் ரப்பரின் வேலையை எஃகுச் சுருள்வில்கள் செய்கின்றன.