கருப்பட்டி காய்ச்சிய பெண்கள்

கருப்பட்டி என்றதும் பனைமரமும் அதில் ஏறுகின்ற ஆளும்தான் நம் நினைவுக்கு வரும். பனையேறியின் உழைப்பைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். 1849-இல் திருநெல்வேலிச் சீமையைப் பற்றி நூல் வெளியிட்ட கால்டுவெல் பாதிரியாரும் அதை விவரித்திருக்கிறார். ஆனால், மரத்திலிருந்து இறங்குவது பதநீர்தானே? அதைக் கருப்பட்டியாக்கியவள் அவன் வீட்டுப் பெண். அவளைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறோம்.

திருநெல்வேலி, இராமநாதபுரம் சீமைகளின் வறண்ட நிலங்களில் பங்குனி தொடங்கி ஆடி வரை பதநீர்க் காலம். ஒருவன் 30, 40 மரங்களைக் காலையும் மாலையும் ஏறி இறங்குவான். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருந்தால் பதநீர். தடவாவிட்டால் புளித்துக் கள்ளாகிவிடும். சுண்ணாம்பு இருந்தாலும் பதநீர் நெடுநேரம் தாங்காது. இறக்கியவுடன் வடிகட்டி அடுப்பில் ஏற்றியாக வேண்டும். அதற்கு முந்தின நாளே காய்ந்த ஓலையும் மட்டையும் முள்ளும் பொறுக்கிச் சேர்த்து வைப்பாள். சித்திரை வெயிலில், ஓலைக் குடிசைக்குள், அந்த அடுப்பின் முன்னால் மணிக்கணக்கில் நின்று துழாவுவாள். பொங்கி வந்தால் ஆமணக்கு விதையை நசுக்கிப் போட்டு அடக்குவாள். பாகில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டிப் பதம் பார்ப்பாள். முந்தி இறக்கினால் கருப்பட்டி இளகிவிடும். பிந்தினால் தீய்ந்து கசக்கும். பிறகு சிரட்டைகளில் ஊற்றி ஆறவிடுவாள். கைப்பிள்ளை அழுதால் அதையும் கவனிக்க வேண்டும். மரமேறுவதைவிட இது எளிய வேலை என்று யாராவது சொன்னால் நாங்கள் ஒப்புக்கொள்ள மாட்டோம்.

இவ்வளவும் செய்தவளுக்குத் தனிக் கூலி கிடையாது. வேலையில்லாத மாதங்களில் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவன் கணவன். அந்தக் கடனுக்காக, வியாபாரி சொன்ன விலைக்கே கருப்பட்டியைக் கொடுக்க வேண்டியிருந்தது. மரத்துக்காரருக்கும் பங்கு உண்டு.

இராமநாதபுரத்திலிருந்து மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்கு வந்த குடும்பங்களும் உண்டு. இங்கே பால்வாளி தூக்கிய பெண்ணின் பெயர் சம்பளப் பட்டியலில் தனியாக எழுதப்பட்டது. அது பெரிய மாற்றம்தான். ஆயினும் 1920-களின் இறுதியில் பல வட்டாரங்களுக்கு நிர்ணயித்த நாள் சம்பளம் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு.

சென்னை மாகாணத்தில் 1937-இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948-இல் மாகாணம் முழுவதற்கும் வந்தது. கள் இறக்கிப் பிழைத்தவர்களுக்கு மாற்றுத் தொழிலாகப் பனைவெல்லத்தை அரசாங்கம் ஊக்குவித்தது. கூட்டுறவுச் சங்கங்களும் அமைந்தன. நல்ல திட்டமே. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கள்ளுக்கு அடுப்பு தேவையில்லை, பனைவெல்லத்துக்குத் தேவை. மரமேறியவனுக்கு வேலை ஏறக்குறைய பழைய வேலைதான். கூடிய வேலையில் பெரும்பகுதி வீட்டுப் பெண்ணின் கைக்கு வந்தது. மதுவிலக்கைப் பற்றிப் பேசுவோர் இதைச் சொல்வது அரிது.

1978-இல் பனை தமிழ்நாட்டின் மாநில மரமாயிற்று. அதற்குப் பிறகு ஏறுவோர் தொகை குறைந்துகொண்டே வந்திருக்கிறது. உடன்குடிப் பக்கத்துக் குடும்பங்களில் பெண்கள் இன்றும் காய்ச்சுகிறார்கள். சீனி கலந்த மலிவுக் கருப்பட்டியோடு சந்தையில் போட்டியிட வேண்டியிருப்பது அவர்களுக்கு இப்போது வந்திருக்கும் புதிய தொல்லை.