குறியீடு வந்த பிறகு

அட்டை சேகரிப்பின் கதையை விலையிலிருந்து தொடங்குவதே வழக்கம்: ஹோனஸ் வாக்னரின் பேஸ்பால் அட்டை 2022இல் 72.5 லட்சம் டாலருக்கு விலைபோனது. அந்த விலைக்கு அடித்தளம் ஒரு பட்டியல் என்பேன். 1909 முதல் 1911 வரை அமெரிக்க சிகரெட் பெட்டிகளில் வந்த, வாக்னர் அட்டை அடங்கிய வரிசையை உலகம் அழைக்கும் ‘டி206’ என்ற குறியீடு, சிராக்யூஸ் நகரத் தொழிலாளி ஜெபர்சன் பர்டிக் 1939இல் தொடங்கிய பட்டியல் பணியிலிருந்து வந்தது. அட்டை எந்தப் பண்டத்தோடு வந்தது என்பதே அவருடைய அளவுகோல்: இருபதாம் நூற்றாண்டுப் புகையிலைக்கு ‘டி’, பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு ‘என்’. ரசிகன் தேடுவது ஆட்டக்காரரை அல்லவா என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் வரிசையின் எல்லை தெரியாமல் எது குறைகிறது, எது அரிது என்று எப்படிச் சொல்வது?

மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட தாள்களை நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்த பர்டிக், அவற்றை ஆல்பங்களில் பசைபோட்டு ஒட்டினார். இன்றைய சேகரிப்பாளர் பதறுவார். பாதுகாப்பு முறையாக அது பிழையே. ஆனாலும் மூட்டுவாதத்தோடு போராடி 1963 ஜனவரியில் அவர் முடித்தது, தேடினால் கிடைக்கும் ஒழுங்கு. அட்டைகளை வைத்து விளையாடுபவருக்கு இந்த ஒழுங்கு போதாது என்பதையும் ஏற்க வேண்டும். 1993இல் வந்த ‘மேஜிக்: தி கேதரிங்’ விளையாட்டின் அட்டைகளில் வரிசை எண்ணே இல்லை, 1998இல் ‘எக்ஸோடஸ்’ தொகுப்போடுதான் அது அச்சேறியது. ஆடுபவர்கள் அப்போதும் நிறம் பார்த்தே அடுக்கினார்கள்.